சீட்டுகளைத் தரையில் பரப்பியவருக்கு

மதிப்பிற்குரிய ஜேம்ஸ் மரே ஐயா அவர்களுக்கு,

நீங்கள் காலமாகி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த மடல் உங்கள் கைக்கு வந்து சேராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும், உறையின் மேல் ‘மிஸ்டர் மரே, ஆக்ஸ்ஃபோர்டு’ என்று மட்டும் எழுதிப் போட்டாலே தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார் என்ற பெயர் உங்களுக்கு இருந்ததாம். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். ஊரறிய எழுதக் காரணம், இதில் உள்ள கடன் என்னுடையது மட்டும் இல்லை. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவில் நின்று மல்லுக்கட்டுகிற எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

நீங்கள் தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்கு நன்றி சொன்னவர்கள் ஏராளம். மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருந்தபடியே உங்களுக்கு ஆயிரக்கணக்கில் மேற்கோள் அனுப்பிய டாக்டர் மைனரையும் உங்களையும் வைத்துப் புத்தகம் வந்தது; படமும் வந்தது. அதில் நீங்களாக நடித்தவர் மெல் கிப்சன். தாடி பொருந்தியிருந்தது என்று சொல்லலாம். நான் நன்றி சொல்ல வந்திருப்பது படமெடுக்கத் தோதே இல்லாத ஒரு சமாசாரத்துக்கு. ‘டேக்’ என்கிற ஓரசை வினைச்சொல்லோடு நீங்கள் பட்ட பாட்டுக்கு.

மொழிபெயர்ப்புதான் எனக்குப் பிழைப்பு. மருத்துவமனைக் குறிப்புகள், காப்பீட்டுப் படிவங்கள், இயந்திரக் கையேடுகள், எப்போதாவது ஒரு சிறுகதை. வெளியில் இருப்பவர்கள் நினைப்பதற்கு நேர்மாறாக, பெரிய பெரிய சொற்கள் எங்களைப் படுத்துவதில்லை. ஃபோட்டோசிந்தசிஸ் என்றால் ஒளிச்சேர்க்கை. கான்ஸ்டிடியூஷன் என்றால் அரசியலமைப்பு. ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும், ஆயுளுக்கும் வரும். தூக்கத்தைக் கெடுப்பவை இரண்டாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிற குட்டி வினைகள்: கெட், டேக், புட், செட், ரன். இவற்றை யாரும் அகராதியில் தேடுவதில்லை. தெரிந்த சொல் என்று நினைத்துத் தாண்டிப் போகிறோம். தமிழில் எழுதப்போகும்போதுதான் சொல் கையில் நிற்காமல் வழுக்குகிறது.

ஒரு தாளைக் காட்டுகிறேன், பாருங்கள். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம் கொடுக்கும் ஒரு பக்கக் குறிப்பு. பக்கம் முழுக்க டேக். சாப்பாட்டுக்குப் பிறகு இந்த மாத்திரையை ‘டேக்’ செய்யவும் என்கிறது முதல் வரி. நம்மூரில் மாத்திரையைப் போடுவார்கள், “மாத்திரை போட்டியா?” என்று கேட்காத அம்மா கிடையாது. அதே மருந்து டானிக்காக இருந்தால் குடிப்பார்கள். அடுத்த வரி, தினமும் இரண்டு வேளை உடல் வெப்பத்தை ‘டேக்’ செய்யச் சொல்கிறது. நாம் காய்ச்சல் பார்ப்போம். மூன்றாம் நாளிலிருந்து குளியலை ‘டேக்’ செய்யலாமாம், குளிக்கலாம், அவ்வளவுதான். கட்டு நனையாமல் ‘டேக் கேர்’ என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களாகக் கட்டை ‘டேக் ஆஃப்’ செய்யாதீர்கள் என்றால் பிரிக்காதீர்கள். புண் ஆற இரண்டு வாரம் ‘டேக்’ செய்யும் என்றால் ஆகும், அல்லது பிடிக்கும். மறுபரிசோதனைக்கு வரும்போது யாரையாவது உடன் ‘டேக்’ செய்யுங்கள் என்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள். போடு, பார், குளி, பார்த்துக்கொள், பிரி, ஆகு, கூட்டிக்கொண்டு வா. டேக் என்றால் ‘எடு’ என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்? தாள் முழுவதும் தமிழாகி முடிந்தபோது அதில் ஒரு ‘எடு’கூட இல்லை.

இது ஏன் இப்படி என்று எனக்கு விளங்க வைத்தது உங்கள் அகராதியின் பக்கங்கள்தான். உங்களுக்கு முன்னாலும் இந்தச் சொல்லோடு மல்லுக்கு நின்றவர்கள் உண்டு. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் டேக் 134 பொருளாகப் பிரிந்து ஐந்து பக்கங்களுக்கு ஓடுகிறது. இந்த மாதிரி வினைகள் எவ்வளவு தளர்வாக, எவ்வளவு பரவலாகப் புழங்குகின்றன, இவற்றை எந்த எல்லைக்குள் அடைப்பது என்று முன்னுரையிலேயே அவர் அலுத்துக்கொள்கிறார். நீங்கள் அலுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. இந்தப் பொருள் எந்த ஆண்டு முதன்முதலில் எழுத்தில் வந்தது, அதிலிருந்து எது கிளைத்தது, எது பட்டுப்போனது என்று ஒவ்வொரு கிளைக்கும் சான்று வாக்கியத்தோடு, வயது வரிசையில் அடுக்கிக் காட்டினீர்கள்.

அப்படி அடுக்கியபோது வெளியே வந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் இதைவிட ஆங்கிலமான சொல் உண்டா என்று தோன்றுகிற இந்த டேக், ஆங்கிலமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் எடுப்பதற்கு இருந்த சொல் ‘நிமன்’. ஜெர்மன்காரர்கள் இன்றும் ‘நேமென்’ என்கிறார்களே, அதன் உடன்பிறப்பு. டேக், கடல் தாண்டி வந்த வைக்கிங்குகளின் சொல். அவர்கள் மொழியில் ‘டாகா’. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடாலயத்தைக் கொள்ளையடித்தார்கள். 865இல் பெரும்படையாக வந்து இறங்கினார்கள். 878இல் ஆல்ஃபிரட் மன்னர் அவர்களை எடிங்டனில் தோற்கடித்தபோதும் அவர்கள் ஊர் திரும்பிவிடவில்லை. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்து உழுது குடியமர்ந்தார்கள். டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று ‘பி’யில் முடியும் ஊர்ப்பெயர்கள் எல்லாம் அவர்கள் வைத்தவை. அக்கம்பக்கத்தில் வீடு, சந்தையில் பேரம், பிறகு கல்யாணம். இரண்டு மொழியும் பங்காளி மொழிகள் என்பதால் பாதிக்குப் பாதி புரியவும் செய்தது. அப்படிப் புழங்கிப் புழங்கி 11ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘டாகா’ ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. அடுத்த சில நூற்றாண்டுகளில் ‘நிமன்’ வீட்டை விட்டே வெளியேறிவிட்டது.

இதற்கும் அதற்கு அடுத்து வந்த நார்மன் படையெடுப்புக்கும் உள்ள வித்தியாசம் யோசிக்கத் தக்கது. 1066இல் வந்த நார்மன்கள் மேலே உட்கார்ந்து ஆண்டவர்கள். நீதிமன்றம், நாடாளுமன்றம், அரண்மனைச் சமையல், இவற்றுக்கான சொற்களைப் பிரெஞ்சிலிருந்து அள்ளிக் கொடுத்தார்கள். வைக்கிங்குகள் கொடுத்தவை டேக், கெட், கால், வாண்ட். ‘தே’, ‘தெம்’ என்று மூன்றாம் மனிதர்களைச் சுட்டும் சொல்கூட அவர்கள் தந்ததுதான். ஆள்பவரிடமிருந்து பெயர்ச்சொல் வரும். வினைச்சொல் வர வேண்டுமானால் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது. ஆங்கிலம் தமிழோடு முந்நூறு ஆண்டுக்கு மேல் இருந்தும் நாம் அதனிடம் வாங்கியதெல்லாம் பஸ், கோர்ட்டு, ஆபீஸ்தான். வினை என்று வந்தால் ‘கால் பண்ணு’, ‘செக் பண்ணு’ என்று ஒரு தமிழ் வினையைக் காவலுக்கு நிறுத்தித்தான் உள்ளே விடுகிறோம்.

வெளியேறிய ‘நிமன்’ என்ன ஆயிற்று? அதையும் உங்கள் அகராதி விடவில்லை. கை கால் மரத்துப்போவதை ஆங்கிலத்தில் ‘நம்’ என்கிறார்களே, அது ‘நிமன்’ உடைய மிச்சம்தான்: உணர்வு ‘எடுக்கப்பட்டது’ என்று பொருள். சுறுசுறுப்பைச் சொல்லும் ‘நிம்பிள்’ இன்னொன்று: சட்டென்று எடுக்கத் தெரிந்தவன். ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘நிம்’ என்றாலே திருடர் பாஷையில் லவட்டுவது. ஷேக்ஸ்பியர் தன் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் ஒரு கைநீளக்காரச் சிப்பாய்க்கு ‘நிம்’ என்று பெயர் வைத்தார். கடைசியில் அவனுக்குத் தூக்குக் கயிறு. அன்றைய லண்டன் பார்வையாளர்கள் பெயரைக் கேட்டதுமே சிரித்திருப்பார்கள். இன்றைக்கு அந்தச் சிரிப்புக்கு அடிக்குறிப்பு தேவைப்படுகிறது.

‘டாகா’வுக்கும் முந்தைய வரலாறு உண்டு. 4ஆம் நூற்றாண்டில் விவிலியம் மொழிபெயர்க்கப்பட்ட கோதிக் மொழியில் ‘டேகன்’ என்றால் தொடுவது. இரண்டும் உறவு என்பது அறிஞர்கள் கருத்து. முதலில் தொடுதல், பிறகு கைவைத்தல், பிறகு பிடித்தல், பிறகு எடுத்தல், அதற்கு மேல் எல்லாம். ஜெர்மானியக் குடும்பத்துக்கு வெளியே உறுதியான உறவினர் யாரும் இந்தச் சொல்லுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், வேர் தெரிந்தால் பொருள் தெரிந்துவிடும் என்று மேடைகளில் பேசுகிறவர்கள் இந்தச் சொல்லை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசலாம். ‘தொடு’ என்ற வேரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மருத்துவமனைத் தாளில் ஒரு வரியைக்கூட என்னால் தமிழாக்க முடியாது. எனக்கு வேண்டியது, இந்தச் சொல் எதோடு எதோடு சேர்ந்து வந்தால் என்னவாக ஆகிறது என்கிற புழக்கம். அதற்குச் சான்று வாக்கியங்கள் வேண்டும். அவற்றைச் சேர்த்துவைத்தவர் நீங்கள்.

எப்படிச் சேர்த்தீர்கள் என்பதை நினைத்தால்தான் இந்த மடல் எழுதத் தோன்றுகிறது. தையல்காரர் மகன், பதினான்கு வயதில் பள்ளிப்படிப்பு முடிந்துவிட்டது. பிறகு தானாகப் படித்து, பள்ளி ஆசிரியராகி, 1879இல் இந்த வேலையை ஏற்றுக்கொண்டீர்கள். வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை. ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தபோது அங்கேயும் ஒரு கொட்டகை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்சி மறைக்கிறது என்று அதைத் தரைக்குள் இறக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. உள்ளே ஈரமும் குளிரும். மேலங்கி போட்டபடி, காலைக் குளிருக்கு ஒரு பெட்டிக்குள் நுழைத்துக்கொண்டு உட்கார்ந்து வேலை பார்த்தீர்கள். உலகம் முழுவதிலுமிருந்து வந்த கடிதக் குவியலைச் சமாளிக்கத் தபால்துறை உங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு பெட்டியை நட்டது. உங்கள் பிள்ளைகள் பதினொரு பேரும் கைச்செலவுக் காசுக்காக, மேற்கோள் எழுதி வந்த சீட்டுகளை அகரவரிசைப்படுத்தினார்கள்.

ஆயிரம் வாசகர்கள் தேவை என்று நீங்கள் விடுத்த வேண்டுகோளை ஏற்று யார் யாரோ புத்தகம் படித்துச் சீட்டு எழுதி அனுப்பினார்கள். அப்போதுதான் உங்களுக்கு அந்தத் தலைவலி வந்தது. மனிதர்கள் அரியதைத்தான் கவனிப்பார்கள். புதுச்சொல், செத்த சொல், வேடிக்கையான சொல் கண்ணில் பட்டால் உடனே குறித்து அனுப்பினார்கள். வழக்கொழிந்த ‘அப்யூஷன்’ என்ற சொல்லுக்கு ஐம்பதளவில் சீட்டு வந்திருந்தது. அன்றாடம் புழங்குகிற ‘அப்யூஸ்’ சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை என்று நீங்களே குறைப்பட்டுக்கொண்டீர்கள். எல்லோருக்கும் தெரிந்த சொல்லை எதற்கு எழுதி அனுப்புவது? அந்த எண்ணம் இன்றுவரை மாறவில்லை. அந்த ஓட்டைகளை அடைக்க நீங்களும் உதவியாளர்களும் திரும்பவும் புத்தகங்களுக்குள் இறங்க வேண்டியிருந்தது.

எல்லோரும் அப்படி விட்டுவிடவில்லை என்பதும் உண்மை. உங்களுக்கு உதவியவர்களில் ஃபிட்ஸெட்வர்ட் ஹால் என்ற அமெரிக்கரின் கதை எங்களுக்குச் சற்று நெருக்கமானது. 1846இல் கங்கை முகத்துவாரத்தில் கப்பல் உடைந்து இந்தியாவில் கரையேறியவர். காசியில் சமஸ்கிருதக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். பிறகு இங்கிலாந்துக்கு வந்து, ஒரு சச்சரவில் மனம் கசந்து, சஃபோக்கில் ஒரு கிராமத்தில் ஒதுங்கிவிட்டார். அங்கிருந்தபடி சம்பளம் இல்லாமல், ஏறக்குறைய இருபது ஆண்டுகள், நாள்தோறும் நாலு மணி நேரம் உங்கள் மெய்ப்புத் தாள்களைப் படித்துத் திருத்தி, விடுபட்ட மேற்கோள்களைச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். 1901இல் அவர் இறந்தபோது அகராதி டேக்கை எட்டவில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

ஆனால் சீட்டு வந்து சேர்ந்துவிட்டால் வேலை முடிந்ததா? அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் ஓர் உரையில் விவரித்திருக்கிறீர்கள். ஒரு சாதாரணச் சொல்லின் மேற்கோள்களை இருபது, முப்பது, நாற்பது கட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தற்காலிகமாக ஒரு விளக்கம் எழுதி, எல்லாவற்றையும் மேசையிலோ தரையிலோ பரப்பி வைத்து, சதுரங்கக் காய்களைப் போல மணிக்கணக்கில் இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பது. எதிலிருந்து எது பிறந்திருக்கும் என்று.  நான் உங்கள் தொழிலில் இல்லை. ஆனாலும் அந்தத் தரையை என்னால் பார்க்க முடிகிறது. ஒரு பத்தியில் வரும் டேக்குக்கு மூன்று தமிழ் வினைகளை எழுதி, ஒன்றை அடித்து, அடித்ததைத் திரும்ப எழுதி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றையும் அடித்துவிட்டு வாக்கியத்தையே திருப்பிப் போடுகிற வேலை எங்கள் அன்றாடம்.

அகராதியின் ‘டி’ எழுத்து உங்கள் பங்காக வந்தது. டேக் அச்சேறியபோது உங்களுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அந்தப் பதிவில் ஒரு குறிப்பு இருக்கிறது: மொழியின் அடிப்படைச் சொற்களில் இது ஒன்று, இத்தகைய சொல்லுக்கு நேரான விளக்கம் என்பது அந்தச் செயலைக் காட்டுவதுதான் என்கிற கருத்தில். வரையறை எழுதுவதே வேலையாக இருந்த ஒரு கூட்டம், இதற்கு வரையறை சொல்லி முடியாது, வேண்டுமானால் ஒரு பொருளைக் கையில் எடுத்துக் காட்டுகிறோம் என்று ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகும் பத்தி பத்தியாக எழுதியது. அந்த நேர்மைக்கு என் கும்பிடு. ‘டி’ முடியும் தறுவாயில், 1915 ஜூலை 26 அன்று நீங்கள் காலமானீர்கள். அகராதி முழுமையாக வெளிவந்தது 1928இல்.

உங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் குட்டி வினைகளிடம்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைத் தெரிவிப்பதில் எனக்கு அற்ப சந்தோஷம். உங்கள் அகராதியின் இன்றைய பதிப்புக்காக ‘ரன்’ என்ற ஒரே வினையை எடுத்துக்கொண்ட பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. வினையாக மட்டும் அதற்கு 645 பொருள்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். உங்களிடம் கற்ற பாடத்தை வைத்துக்கொண்டு எங்கள் ‘எடு’வைத் திரும்பிப் பார்த்தேன். டேக்கைக் குறைசொல்ல எங்களுக்கு அருகதை கிடையாது என்று தெரிந்தது. பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறான், பாம்பு படம் எடுக்கிறது, வண்டி வேகம் எடுக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம். அங்கே எடுப்பது காசு கொடுத்து வாங்குவது. அத்தை வீட்டில் பெண் எடுக்கிறோம். அரசன் படையெடுக்கிறான், கடவுள் அவதாரம் எடுக்கிறார், பாட்டி பேத்திக்குப் பேன் எடுக்கிறாள். சிலப்பதிகாரத்தில் ஒரு காதையின் பெயரே ‘இந்திரவிழவு ஊரெடுத்த காதை’. விழா எடுப்பது என்றால் கொண்டாடுவது, அன்றைக்கும் இன்றைக்கும். யாழ்ப்பாணத்து நண்பர் “நேற்று உங்களுக்குக் கோல் எடுத்தனான்” என்றால் அவர்தான் அழைத்திருக்கிறார். சென்னையில் “போனை எடு” என்றால் வந்த அழைப்புக்குப் பதில் சொல். ஒரே வினை, பாக் நீரிணையின் இரு கரையிலும் எதிரெதிர் முனையில் நிற்கிறது. இதை ஒரு ஆங்கிலேயருக்குத் தமிழிலிருந்து மொழிபெயர்த்துச் சொல்வதென்றால், டேக்கை வைத்துச் சமாளிக்கக்கூடியது இதில் ஒன்றிரண்டுதான்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. டேக் என்ற சொல்லை வாசலில் நிறுத்திவிட்டோம். ஆனால் அதன் புழக்கம் ‘எடு’வின் தோளில் ஏறி உள்ளே வந்துவிட்டது. நடவடிக்கை எடு, முடிவெடு, ஓய்வெடு, பயிற்சி எடு, லீவு எடு. தமிழாசிரியர்கள் சிலருக்கு இதெல்லாம் ஆகாது. முடிவு செய், ஓய்வு கொள் என்று சிவப்பு மையில் திருத்துவார்கள். எனக்கு அந்தச் சண்டையில் பாதி நாட்டம்தான். முடிவெடுப்பது குடியேறிவிட்டது, அதைத் துரத்த முடியாது, துரத்தவும் வேண்டாம். ஆனால் ‘குளியல் எடு’ என்று எழுதுகிறவரை நான் மன்னிப்பதாக இல்லை. கைப்பேசியில் மொழிபெயர்ப்பு இயந்திரம் ‘ஒரு சுற்றுப்பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று அழைக்கும்போது, யாரோ வாசல் திண்ணையில் பயணத்தை வைத்துவிட்டுப் போனதுபோல இருக்கிறது. மடலின் முடிவில் வரும் ‘டேக் கேர்’ இருக்கிறதே, அதற்கு ‘கவனம் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு மொழிபெயர்ப்பைப் பார்த்தேன். “உடம்பைப் பார்த்துக்கோங்க” என்று நம் வீடுகளில் பேருந்து நிலையம் வரை வந்து சொல்லிவிட்டுப் போகிறார்களே, அது காதில் விழாதவர் எழுதியது.

எது குடியேறியது, எது விருந்தாளி, எது வழிதவறி வந்தது என்று சொல்ல எங்களுக்கும் ஆண்டு வரிசையிலான சான்று வேண்டும். ‘நடவடிக்கை எடு’ முதலில் எந்தப் பத்திரிகையில், எந்த ஆண்டில் அச்சேறியது? ‘முடிவெடு’வை முதலில் எழுதியவர் வழக்கறிஞரா, நாவலாசிரியரா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1913இல் சாண்ட்லர் பாதிரியார் தொடங்கி, வையாபுரிப் பிள்ளை காலத்தில் 1936இல் ஆறு தொகுதியாக முடிந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். மலைக்க வைக்கும் வேலை. அதில் இலக்கியச் சான்று தாராளம், கடைத்தெரு வாக்கியம் குறைவு. அந்தக் குறையைப் பெருமளவு போக்கியது 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. ‘எடு’, ‘விடு’, ‘போடு’, ‘கொள்’ எல்லாம் இன்றைக்கு எப்படிப் புழங்குகின்றன என்பதை வாக்கியம் வைத்துக் காட்டியது. துணைவினைகளைத் தனியாகப் பிரித்து விளக்கியது. என் மேசையில் அட்டை கிழிந்த ஒரே புத்தகம் அதுதான். ஆனால் ஒவ்வொரு பொருளும் எப்போது பிறந்தது என்று காலவரிசையில் காட்டும் பேரகராதி தமிழுக்கு இன்னும் வாய்க்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தகரக் கொட்டகையைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது.

ஐயா, உங்களுக்கு நான் பட்ட கடன் இதுதான். தெரிந்த சொல்லைத் தெரியாத சொல்லைப் போலப் பார்க்கக் கற்றுக்கொடுத்தீர்கள். ‘டேக் என்றால் தமிழில் என்ன?’ என்று என்னிடம் கேட்கிற இளைஞர்களிடம் இப்போதெல்லாம், ‘யார், எதை, எங்கே?’ என்று திருப்பிக் கேட்கிறேன். அவர்களுக்கு எரிச்சலாக இருக்கிறது. எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

இந்த மடலை ஓரமாக நின்று படித்துக்கொண்டிருக்கும் தமிழ் வாசகருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை பிள்ளைகளுக்கு அகராதி வாங்கக் கடைக்குப் போனால், அதில் எத்தனை ஆயிரம் சொற்கள் என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். ஆங்கிலம்–தமிழ் அகராதி என்றால் டேக்கையும் கெட்டையும் புரட்டுங்கள். தமிழ் அகராதி என்றால் எடுவையும் போடுவையும் புரட்டுங்கள். சொல்லுக்கு எதிரே நாலைந்து சொற்களை வரிசையாக அடுக்கிவிட்டு, ஒரு வாக்கியம்கூடக் காட்டாமல் அடுத்த பதிவுக்குத் தாவியிருந்தால், அதை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.


தமிழ்நாட்டிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்